குன்றிப்பாளையம் சர்வர்

அக்டோபர் 30, திங்கள்

எட்டு முடிந்தது. மீதி ஒன்று.

நீர்மை டயாலிசிஸ் கம்பெனி தன் கிளைகளை மூடுகிறது. கிளைக்கு ஒரு சர்வர், அதற்குள் நோயாளிகளின் விவரங்கள். அவற்றை மிச்சமில்லாமல் அழித்து, அழித்ததற்குச் சான்றிதழ் கொடுத்தால்தான் அந்த ஊருக்கு லாரி போகும். மிஷின், கட்டில், ஏசி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வரும். அழிக்கிற வேலை எங்கள் கம்பெனிக்கு. எங்கள் கம்பெனியில் அது எனக்கு.

இதற்காக எந்த ஊருக்கும் நான் போனதில்லை. சர்வருக்குள்ளேயே தனியாக ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. பெரியது செத்துக் கிடந்தாலும் அது விழித்திருக்கும். அதன் வழியாக நுழைந்தால் அந்த ஊர் ஸ்க்ரீன் அம்பத்தூரில் என் ஸ்க்ரீனில் தெரியும். என் லேப்டாப்பில் உள்ள ஃபைலைக் காட்டி, உனக்குள் ஒரு டிவிடி போட்டிருக்கிறது என்று அதை நம்பவைக்கலாம். விர்ச்சுவல் மீடியா என்று பெயர். சர்வர் அந்த இல்லாத டிவிடியிலிருந்து எழுந்து தன்னையே துடைத்துக்கொள்ளும். ஃபைல் முழுக்கப் போய்ச் சேரும்வரை லைன் அறுந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அறுந்தால் எதுவும் அழியாது. சர்வர் பழையபடி எழுந்து நிற்கும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இந்த வருஷம் முழுக்க அழிப்பதுதான் வேலை. புதிதாக எதையும் நிறுவ யாரும் கூப்பிடவில்லை. முன்பெல்லாம் ஒரு சர்வரை எழுப்பிக் கொடுத்தால் அந்தப் பக்கம் யாராவது தாங்க்ஸ் சொல்வார்கள்.

வரும் வழியில் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கிவிட்டேன். ஸ்டாப்பைத் தாண்டி இறங்கி நடந்தேன்.

அக்டோபர் 31, செவ்வாய்

குன்றிப்பாளையம். ஈரோடு தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கே கடைசி ஷிப்ட் முடிந்திருக்கும் என்று ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"சார், குன்றிப்பாளையம் சென்டர்ல இருந்து சிஸ்டர் செல்வநாயகி பேசறனுங்க. கம்ப்யூட்டருல என்னமோ தானா ஓடுதுங்க. உங்க நெம்பர் பொட்டி மேல ஒட்டியிருந்துச்சு, அதான் அடிச்சேன்."

"நான்தாம்மா பண்றேன். மெட்ராஸ்ல இருந்து."

"என்னுங்க பண்றீங்க?"

"அழிக்கிறோம். சென்டரை மூடறாங்க இல்ல?"

"அது நவம்பர் முப்பதுன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்குதுங்களே."

"எனக்கு இன்னிக்குன்னுதான் மெயில் வந்திருக்கு. இன்னிக்கு முடிஞ்சா நாளன்னிக்கு லாரி வந்துடும்."

அந்தப் பக்கம் மிஷின் ஒன்று பீப் பீப் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஷிப்ட் முடியவில்லை போல.

"காலைல ஆறு மணிக்கு நாலு பேரு வருவாங்க சார். அவியளுக்கு நான் என்னன்னு சொல்றது?"

"வேற எடம் பாத்திருப்பாங்கல்ல?"

"எங்கீங்க பாக்கறது? கோபியில ஒரு ஆஸ்பத்திரியில கேட்டிருக்கறேன். கட்டில் காலியாக ஆக ஒருத்தரொருத்தரா எடுத்துக்கறோம்னாங்க. இங்க சர்வர் இல்லாட்டி காப்பீட்டுக்குக் கைரேகை வெக்க முடியாதுங்க, கைரேகை இல்லாட்டி மிஷின்ல போட அனுமதி இல்ல. நாலஞ்சு நாள் விட்டா மூச்சு முட்டிப் போயிருமுங்க சார்."

"அது என் கையில இல்லம்மா" என்றேன். அவர் சரிங்க என்று வைத்துவிட்டார்.

எழுபத்தொரு சதவீதத்தில் லிங்க் அறுந்தது. மேனேஜர் ரகோத்தமனுக்கு மெசேஜ் போட்டேன்: குன்றிப்பாளையம் லைன் சரியில்லை, நாளை மறுபடி முயல்கிறேன்.

நவம்பர் 1, புதன்

மழை. அம்பத்தூரில் கரண்ட் போய்ப் போய் வந்தது. நாற்பதில் அறுந்தது.

நவம்பர் 2, வியாழன்

கேஸ் ட்யூப் மாற்ற ஆள் வந்தான். பழைய ட்யூபில் எலி கடித்த தடம். இத்தனை நாள் எப்படித் தப்பித்தோமோ என்று என் மனைவி உமாராணி திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மதியம் சாப்பிடும்போது செல்வநாயகி கூப்பிட்டார். லாரி எப்போது வரும் என்று கேட்டார். லைன் பிரச்சினை, இன்னும் முடியவில்லை என்றேன்.

"அப்ப நாளைக்கு ஷிப்ட் போடலாங்களா?"

"சர்வர் ஓடிச்சுன்னா போடுங்க. நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

"கோபியில அடுத்த வாரம் ரெண்டு பேத்தை எடுத்துக்கறோம்னாங்க சார். மொத்தம் பதினாலு பேரு."

"இதெல்லாம் எங்கிட்ட ஏம்மா சொல்றீங்க? நான் வெறும் கான்ட்ராக்ட் ஆளு."

"வேற யாருகிட்டச் சொல்றதுங்க? ஈரோட்டு ஆபீசுல போனே எடுக்கறதில்ல."

இனி இதற்காக என்னைக் கூப்பிடாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் சோறு இருந்தது.

மாலை அறுபத்தெட்டில் அறுந்தது.

நவம்பர் 4, சனி

ரகோத்தமன் என் மேஜைக்கே வந்தார். என்னைவிட வயதில் சின்னவர். பொறுமையாகத்தான் பேசினார்.

"சம்பந்தம் சார், எட்டு சென்டர் ஒவ்வொண்ணும் ஒரு சாயங்காலத்துல முடிச்சீங்க. இது என்ன இழுக்குது?"

"மலைப்பக்கம் சார். லைன் அப்படி."

"அங்க யாராவது இருக்காங்கல்ல? ஒரு பென்டிரைவ்ல காப்பி பண்ணி அனுப்புவோம். அந்த நர்ஸம்மாவைச் சொருகச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷ வேலை."

"கிளையன்ட்டோட விதிப்படி வெளியாள் கை சர்வர்ல படக் கூடாது. தணிக்கையில மாட்டும்."

அவர் "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். விதியை அவ்வளவு சரளமாகச் சொன்னது எனக்கே ஆச்சரியம். பதினெட்டு பக்க விதிமுறை அது. இந்த வாரம்தான் உட்கார்ந்து படித்திருந்தேன்.

பக்கத்து சீட் ஃபர்ஸானா தலையைத் திருப்பாமலே கேட்டார். "உடம்பு சரியில்லையா?"

"தூக்கம் இல்ல."

"அது தெரியுது."

நவம்பர் 7, செவ்வாய்

இன்று ஒரு விநோதம். ஆறே முக்காலுக்கு அந்த ஊர் ஸ்க்ரீனைத் திறந்தேன். பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி வெறுமனே நின்றது. நான் கீபோர்டைத் தொடவில்லை. பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒவ்வொரு எழுத்தாக விழ ஆரம்பித்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்: சார் இருக்கீங்களா.

ஒரு கணம் பயந்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. அங்கே அந்த சர்வரோடு நிஜமான கீபோர்டு ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் செல்வநாயகி உட்கார்ந்திருக்கிறார். நான் பார்ப்பதையேதான் அவரும் பார்க்கிறார்.

இருக்கிறேன் என்று அடித்தேன். அவர் அதை அழித்துவிட்டு அடித்தார்: டவர் இல்லை, மழை. பிறகு: இன்று இரண்டு பேர் கோபி போனார்கள். பிறகு: மாதப்பன் மட்டும் மாட்டேன் என்கிறார்.

யார் அது, என்று கேட்டேன்.

சின்னச் சின்னத் துண்டுகளாக வந்தது. மலை ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். மனைவி இல்லை. ஆறு வருஷமாக இங்கேதான் போட்டுக்கொள்கிறார். கோபி பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அவ்வளவு தூரம் போய்ச் சாவதற்கு இங்கேயே சாகிறேன் என்று சொல்கிறார்.

பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியில் எவ்வளவுதான் எழுத முடியும்? சரி என்று மட்டும் அடித்தேன். அவரும் சரி என்று அடித்துவிட்டு அழித்தார். பெட்டி மறுபடி காலியானது.

வேலையை ஆரம்பித்தேன். எண்பதில் அறுந்தது.

நவம்பர் 8, புதன்

எழுபது.

நவம்பர் 9, வியாழன்

போர்வைகளைத் துவைக்கப் போட்டோம், காயவில்லை. வீடு முழுக்க ஈர நாற்றம். லிங்க் அறுந்தது.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, இட்லி தின்று, டிவி முன்னால் உட்கார்ந்தேன். அரை மணியில் தூங்கிப்போனேன். எழுப்பியது போன். செல்வநாயகி.

"இன்னைக்குமா ஷிப்ட்?"

"கிட்னிக்கு ஏதுங்க சார் தீபாவளி? நல்லெண்ணெய்க் குளியலும் ஆச்சு, இங்க வந்து படுத்தும் ஆச்சு. மாதப்பண்ணன் உங்ககூடப் பேசோணும்ங்கறாரு. குடுக்கட்டுங்களா?"

வேண்டாம் என்று சொல்வதற்குள் குரல் மாறிவிட்டது.

"ஏனுங் சார், நீங்கதான் பெரிய ஆபீசருங்களா?"

"இல்லீங்க. நான் கம்ப்யூட்டர் வேலை பாக்கறவன்."

"எல்லாம் ஒண்ணுதானுங்க. இத்தனை வருசமா இந்த எடது கையில இந்தப் புள்ளதான் ஊசி போடறா. எங்க குத்துனா வலிக்காதுன்னு அவளுக்குத்தான் தெரியும். நீங்க பாட்டுக்கு மூடிப்போட்டு அங்க போ, இங்க போன்னா? உங்க மிஷினு நல்லாத்தானுங்களே ஓடுது."

"நான் மூடலைங்க."

"யாரு மூடறாங்கன்னு கேட்டா, எல்லாரும் இதேதான் சொல்றீங்க."

போனைச் செல்வநாயகி வாங்கிக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்க சார். பயமுங்க, வேற ஒண்ணுமில்ல. தெரியாத ஊரு, தெரியாத ஆளு. பஸ்ஸு போர்டு படிக்கத் தெரியாது, அதைச் சொல்ல வெக்கம். அதான் இப்படிப் பேசறாரு."

உமாராணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாரு? நாளும் கிழமையுமா?"

"ஆபீஸ்."

"பொம்பள குரல் மாதிரி கேட்டுதே."

"ஆபீஸ்ல பொம்பளைங்க இல்லையா?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அவள் மாலைவரைக்கும் பேசவில்லை. நான் ஏன் சொல்லாமல் விட்டேன்? சொன்னால் அடுத்து ஒன்று கேட்பாள். அதற்கு ஒரு பதில் தேட வேண்டும்.

நவம்பர் 15, புதன்

மீட்டிங். இந்த முறை ரகோத்தமன் பொறுமையாக இல்லை. கிளையன்ட் திட்டியிருக்கிறான். லாரிக்காரன் இரண்டு முறை தேதி மாற்றிவிட்டான்.

"வெளிப்படையாவே பேசுவோம் சார். இந்த கான்ட்ராக்ட் முடிஞ்சா அடுத்தது என்னன்னு இன்னும் முடிவாகல. உங்களுக்கும் அது தெரியும். அதுக்காக ஒருத்தர் வேலையை நீட்டிக்கிட்டுப் போனா நான் என்ன நினைக்கிறது?"

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் தங்கள் போனைப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. லைன்தான் சார் பிரச்சினை என்றேன்.

"சரி. ஃபர்ஸானா ஞாயித்துக்கிழமைவரைக்கும் லீவு. திங்கக்கிழமை வந்ததும் இதை அவங்க எடுத்துக்கட்டும். அதுவரை முயற்சி பண்ணுங்க."

வேலையே தெரியாதவன் என்றும் சொல்லலாம், சம்பளத்துக்காக இழுக்கிறான் என்றும் சொல்லலாம். பத்தொன்பது வருஷத்தில் இரண்டையும் யாரும் சொன்னதில்லை. இன்று ஒரே மூச்சில் இரண்டும்.

மாலை செல்வநாயகியைக் கூப்பிட்டேன். நானாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"திங்கக்கிழமை வேற ஆள் செய்வாங்க. அவங்க லைன் நல்லா இருக்கும்."

"புரிஞ்சுதுங்க" என்றார். "இன்னும் அஞ்சு பேரு இருக்காங்க. நான் நாளைக்கே கோபிக்கு நேர்ல போயி உக்காந்துக்கறேன். கட்டில் குடுக்காம எழுந்திரிக்க மாட்டேன்."

நவம்பர் 16, வியாழன்

அறுந்தது.

நவம்பர் 17, வெள்ளி

அறுந்தது. முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

நவம்பர் 18, சனி

செல்வநாயகியிடமிருந்து மெசேஜ்: ஐந்து பேருக்கும் இடம் கிடைத்தது. திங்கள் காலை ஷிப்ட் இங்கே கடைசி. மாதப்பன் அண்ணனுக்கு வெள்ளிக்கிழமை கட்டில். போவாரா தெரியவில்லை.

அறுந்தது.

நவம்பர் 20, திங்கள்

ஃபர்ஸானா வந்ததும் நேராக என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பதினோரு வருஷமாக அடுத்தடுத்த சீட். "சாயங்காலம் நீங்களும் இருங்க" என்றார். ஏழு மணிக்கு ஆரம்பித்தார். எண் ஏற ஏற நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். எழுபதைத் தாண்டியது. எண்பதைத் தாண்டியது. ஒருமுறைகூடத் திக்கவில்லை. நூறு.

"லைன் நல்லாத்தானே இருக்கு" என்றார்.

நான் தண்ணீர்ப் பாட்டிலை மூடினேன்.

அழிக்கட்டுமா என்று புரோகிராம் கேட்டது. ஆமாம் என்பதற்கு ஒரு வார்த்தை டைப் செய்ய வேண்டும். அவர் கையை வைப்பதற்குள் அந்த இடத்தில் தானாக எழுத்துகள் விழுந்தன: ellarum poyachu.

ஃபர்ஸானா கையை எடுத்துவிட்டார். "எல்லாரும் போயாச்சு. யாரு இது?"

"அங்க இருக்கற நர்ஸ்."

"யாருக்குச் சொல்றாங்க?"

நான் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய் அழிந்தன. கர்சர் மட்டும் துடித்தது. ஃபர்ஸானா காத்திருந்து, அந்த வார்த்தையை டைப் செய்து என்டர் தட்டினார்.

அழிந்து முடிந்ததும் சான்றிதழுக்காக நிகழ்வுப் பதிவைத் திறந்தார். அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் தனக்கு நடந்ததையெல்லாம் தேதியோடு எழுதி வைத்திருக்கும். அவர் கீழே போய்க்கொண்டே இருந்தார். பிறகு நிறுத்தினார். மெல்லப் பேசினார்.

"சார், ஒவ்வொரு நாளும் ‘மீடியா பயனரால் துண்டிக்கப்பட்டது’னு இருக்கு. லைன் போகலை. ஆளு கழட்டியிருக்கு. பயனர்னு உங்க பேரு."

"ம்."

"ஒண்ணாந்தேதி மட்டும் நெஜமாவே லைன் போயிருக்கு."

"அன்னிக்கு மழை."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்க்ரீனைப் பார்த்தபடியே கேட்டார். "இது சான்றிதழோட ரகோத்தமனுக்குப் போகும். இந்தப் பதிவை அழிச்சிடட்டுமா?"

"அழிச்சா, அழிச்சது யாருன்னு உங்க பேர்ல ஒரு வரி ஏறும்."

"தெரியும்."

"வேண்டாம், ஃபர்ஸானா."

அவர் அனுப்பினார். பையை எடுத்துக்கொண்டு இருவரும் ஒன்றாகப் படியிறங்கினோம். கேட்டருகில் நின்று, "எத்தனை பேரு?" என்றார். பதினாலு என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ஆட்டோ பிடித்தார்.

நவம்பர் 21, செவ்வாய்

ரகோத்தமன் கதவைச் சாத்தினார். காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"அந்த சென்டர்காரங்க உங்களுக்கு ஏதாவது குடுத்தாங்களா?"

"இல்ல சார்."

"சொந்தக்காரங்க யாராவது?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு சார்?"

யோசித்துப் பார்த்தேன். "காலைல ஆறு மணிக்கு வருவாங்கன்னாங்க" என்றேன்.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க என்ன சார் பண்ணியிருப்பீங்க?"

அதற்கு அவர் நேர்மையாக யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு, "ஐடி கார்டைக் குடுத்துட்டுப் போங்க" என்றார்.

நவம்பர் 22, புதன்

வீட்டில் இருக்கிறேன். காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். பரணைச் சுத்தம் செய்தேன்.

நவம்பர் 23, வியாழன்

உமாராணியிடம் சொல்லிவிட்டேன். மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது, முதலிலிருந்து எல்லாவற்றையும். அவள் ஒரு துணியையும் மடிக்காமல் தோளில் போட்டபடியே கேட்டாள்.

"வேலை போனதுக்கு எனக்குக் கோவம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா மூணு வாரமா பக்கத்துல படுத்துக்கிட்டு இருக்கேன். ஒரு வார்த்தை சொல்லல. தீபாவளியன்னிக்கு எம்மேல எரிஞ்சு விழுந்தீங்க."

"சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். அவ்வளவுதான். வேற என்ன வேணும்?"

கீழே போன் அடித்தது. செல்வநாயகி. நாளைக்கு மாதப்பனுக்குக் கோபியில் கட்டில். போக மாட்டேன் என்று கடையிலேயே படுத்துவிட்டார். திங்களுக்குப் பிறகு போடவில்லை, கால் வீங்கிவிட்டது. "நானே கூட்டிப் போயிருவேன் சார். நாளைக்குன்னு பாத்து லாரி வருதுங்க. சாமானெல்லாம் எண்ணி ஒப்படைக்கோணும். இவரு பங்காளிங்க ஒருத்தரும் வர்றதில்ல."

வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். உமாராணி துணிகளைக் கட்டிலில் போட்டாள். "என்னவாம்?" என்றாள். இந்த முறை சொன்னேன்.

"போயிட்டு வாங்க."

"நான் போய் என்ன பண்ணப் போறேன்? என்னைப் பாத்தா திட்டுவாரு."

"திட்டட்டும். இங்க உக்காந்து பரணைத் தொடைக்கறதுக்கு அது தேவலை."

இரவு வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. இதை ரயிலில் எழுதுகிறேன். கையெழுத்து ஆடுகிறது.

நவம்பர் 24, வெள்ளி

ஈரோட்டில் இறங்கி, இரண்டு பஸ் மாறி, காலையில் குன்றிப்பாளையம் வந்து சேர்ந்தேன். மூன்று வாரமாக இந்த ஊருக்குள் போய்ப் போய் வந்திருக்கிறேன். இப்படி ஒரு குளிர் அடிக்கும் என்று தெரியாது.

சென்டர் வாசலில் லாரி நின்றது. நீலச் சேலையில் ஒரு பெண் கட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். நான் பெயரைச் சொன்னதும் கையிலிருந்த பேனாவை மூட மறந்து நின்றார். "நீங்களே வந்துட்டீங்களா?" என்றார். கண் கலங்கியது. உடனே லாரிக்காரன் கூப்பிட்டான். "டீ குடிச்சீங்களா சார்? கடை அந்த வளைவுல இருக்குதுங்க, போங்க, போங்க" என்று என்னைத் தள்ளாத குறையாக அனுப்பினார்.

பஞ்சர் கடையில் டயர் அடுக்குக்குப் பின்னால் கயிற்றுக்கட்டிலில் மாதப்பன் படுத்திருந்தார். முகம் உப்பியிருந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"யாரு?"

"கோபிக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

"குரல் தெரியுது. நீங்க அந்தக் கம்ப்யூட்டர்காரருங்களா? மூடுனது நீங்கதானுங்க?"

"ஆமாங்க" என்றேன். "கடைசில மூடுனது நாங்கதான்."

அவர் எதிர்பார்த்தது வேறு பதில். திட்டுவதற்கு மூச்சு போதவில்லை. "செருப்பு கட்டிலுக்கடியில கெடக்குது" என்றார். எடுத்துப் போட்டுவிட்டேன். வீக்கத்தில் வார் மாட்டவில்லை. அப்படியே இழுத்துக்கொண்டு நடந்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்தேன். ஒவ்வொரு ஊர் வரும்போதும் இது எந்த ஊர் என்று என்னைக் கேட்கவில்லை. பாலம், ஆலமரம், பெயின்ட் உதிர்ந்த தண்ணீர்த் தொட்டி என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். நானும் போர்டைப் படித்துச் சொல்லவில்லை. கோபியில் இறங்கியதும் பஸ் ஸ்டாண்டை ஒரு முறை சுற்றிப் பார்த்தார்.

ஊசி போட வந்தவர் சின்னப் பெண். மாதப்பன் கையை இழுத்துக்கொண்டார். நான் செல்வநாயகிக்குப் போன் போட்டு அந்தப் பெண்ணின் காதில் வைத்தேன். அவர்கள் இருவரும் நெடுநேரம் பேசினார்கள். தழும்புக்கு ஓரமாக, சாய்வாக, என்று இந்தப் பக்கம் திருப்பிச் சொல்லிக்கொண்டே அந்தப் பெண் குத்தினாள். மாதப்பன் கண்ணை இறுக மூடியிருந்தார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, "பரவால்ல" என்றார்.

நான்கு மணி நேரம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபடி தூங்கினேன். அக்டோபருக்குப் பிறகு அப்படித் தூங்கவில்லை. எழுந்தபோது அவர் என் முன்னால் நின்றிருந்தார். முகம் வற்றி, வேறு ஆள் மாதிரி இருந்தார்.

"போலாமுங்களா? நல்லாக் கொறட்டை விடறீங்க."

திரும்பி வரும்போது அவர்தான் முன்னால் நடந்து சரியான பஸ்ஸைக் கண்டுபிடித்தார். கண்டக்டரிடம் எனக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினார். மலை வளைவில் இறங்கினோம். சென்டர் இருந்த இடத்தில் ஷட்டர் இழுத்திருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பூட்டிய கடைக்கு முன்னால் ஒரு பைக்காரன் பஞ்சரோடு காத்துக்கொண்டிருந்தான்.

"செவ்வாக்கெழமை ஊசிக்கு நீங்க வர வேண்டாமுங்க" என்றார் மாதப்பன், சாவியைத் தேடிக்கொண்டே. "வழி பாத்துக்கிட்டேன்."

சரிங்க என்றேன். அவர் அதற்குள் டயரைக் கழற்ற உட்கார்ந்துவிட்டார். என் பெயரைக் கடைசிவரை கேட்கவில்லை.